மூன்று மணிக்கு மட்டும் வரும் கோளாறு

முதல் நாள், ஞாயிறு

கோவையில் இரவு ஏறிய ரயிலில் வள்ளியூர் தாண்டியபோது விழித்துக்கொண்டேன். ஆனி மாதக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து பெட்டியையே உலுக்கியது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் எதுவும் சும்மா இருக்காது என்று தோன்றும்.

இருக்கைக்கடியில் என் இரண்டு பெட்டிகள். ஒன்றில் துணி, இன்னொன்றில் நெட்வொர்க் அனலைசர். டிக்கெட் பரிசோதகர் இரண்டாவதைச் சந்தேகத்தோடு பார்த்து என்னவென்று கேட்டார். "வேவ்கைடு சோதிக்கும் கருவி" என்றேன். வேறு கேள்வி வரவில்லை. இந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி உண்டு.

வாசகர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். வேவ்கைடு என்றால் உள்ளே ஒன்றுமே இல்லாத உலோகக் குழாய். பெரும்பாலும் செவ்வக வடிவம். கம்பியில் போனால் சூடாகி வீணாகும் மைக்ரோவேவ் ஆற்றலை இந்த வெற்றுக் குழாய் அலுங்காமல் கொண்டுபோகும். 1897-இல் ராலே பிரபு இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளைக் குழாய்களின் வழியே அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்த வேலை தக்கலையைத் தாண்டி, குலசேகரம் போகும் வழியில் உள்ள ஒரு ரப்பர் தொழிற்சாலையில். கார் கதவு ஓரங்களில் ஒட்டும் பட்டையைச் செய்கிறார்கள். பிதுக்கி வரும் பச்சை ரப்பரை மைக்ரோவேவ் சுரங்கத்துக்குள் ஓடவிட்டு, பிறகு வெப்பக்காற்றுச் சுரங்கத்தில் முழுதாகப் பதப்படுத்துவது முறை. மைக்ரோவேவ் 2450 மெகாஹெர்ட்ஸ், வீட்டு அடுப்பில் இருப்பதேதான். ஆனால் அடுப்பில் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடக்குறைய. இங்கே 6 கிலோவாட். ஒரு மாதமாகத் தினமும் பிற்பகலில் எதிரலை எச்சரிக்கை (அனுப்பிய அலை திரும்பி வருகிறது என்ற மணி) அடித்து இயந்திரம் நின்றுவிடுகிறதாம். மைக்ரோவேவை உண்டாக்கும் மேக்னட்ரானை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மூன்றாவதை வாங்கும் முன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்ததால் மாலையில் உதவிக்கு வந்திருக்கும் தம்பியோடு முட்டம் போனேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகளின் மேல் உட்கார்ந்தோம். பாறை செங்குத்தாக இருக்கும் இடத்தில் வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தண்ணீர் முன்னும் பின்னும் நகராமல் அதே இடத்தில் எழும்பி எழும்பி விழுந்தது. இரண்டடி தள்ளி ஒரு கோட்டில் அசைவே இல்லை. இரண்டு ஆண்டுகளாக என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு நிலையலை என்றால் என்னவென்று எத்தனையோ தடவை பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். "அக்கா, இதைத்தானா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?" என்றான். பலகைக்குச் செலவழித்த சாக்பீஸை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், திங்கள்

காலையில் புட்டும் பயறும் பப்படமும். ஏழு மணிக்கெல்லாம் ஆலையில் இருந்தோம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முதல் சோதனையை முடித்துவிட வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் மூக்கில் ஏறுவது கந்தகம், அடுத்தது எண்ணெய்ப் புகை. எல்லாவற்றின் மேலும் கரிப்பொடி படிந்திருக்கிறது. வெறும் ரப்பர் மைக்ரோவேவில் சரியாகச் சூடாகாது; அதில் கலக்கும் நுண்கரிதான் அலையை விழுங்கிச் சூடு தருகிறது. அந்தக் கரி இல்லாவிட்டால் இந்த ஆலையே இல்லை. அதே கரி ஒரு சிட்டிகை குழாய்க்குள் புகுந்துவிட்டால் அங்கேயும் அலையை விழுங்கிச் சூடாகும். ரப்பர் என்றும் குழாய் என்றும் அதற்குப் பேதம் இல்லை.

குழாய் அலுமினியம், உள்ளளவு 86.36 மி.மீ.க்கு 43.18 மி.மீ. மேக்னட்ரான் தனியாக ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கிறது. அங்கிருந்து சுவரைத் துளைத்து, வெப்பக்காற்றுச் சுரங்கத்தின் தலைக்கு மேலாக ஓடி, மைக்ரோவேவ் சுரங்கத்தின் டெஃப்ளான் ஜன்னலில் போய் முடிகிறது. மொத்தம் 4 மீட்டருக்குச் சற்று அதிகம். மேக்னட்ரானுக்கு நல்ல அறை கொடுத்தவர்கள் குழாயை அடுப்பின் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் நேராக முதல் வளைவைக் காட்டினார். மேக்னட்ரானை அடுத்து, அலையை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சர்க்குலேட்டரிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் உள்ளே கரிந்து, மெழுகுவர்த்திப் புகை பிடித்த சுவர் போல இருந்தது. இங்கேதான் கோளாறு என்று அவர் அடித்துச் சொன்னார். இரண்டு முறை அந்த வளைவைத் துடைத்து, மேக்னட்ரானையும் மாற்றியிருக்கிறார்கள்.

குழாயைச் சர்க்குலேட்டருக்கு அப்பால் கழற்றி அனலைசரைப் பொருத்தினேன். இந்தக் கருவி செய்வது பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை. மிகக் குறைந்த திறனில் 2.2 முதல் 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து, எந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு எதிரொலி என்று திரையில் காட்டும். குழாயில் ஒரு வில்லங்கம் உண்டு. 1736 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த அகலக் குழாயில் அலையே போகாது. அதற்கு மேலேயும் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒவ்வொரு வேகம். அதைச் சரிக்கட்டாமல் பார்த்தால் எதிரொலி அகலமாக இழுத்துக்கொண்டு தூரம் தப்பாகத் தெரியும். கருவியில் வேவ்கைடு என்று தேர்ந்தெடுத்து அந்த 1736 என்ற வெட்டு அலைவரிசையையும் கொடுத்தால் அது பார்த்துக்கொள்ளும். இந்த அலைவரிசை அகலத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. நெருக்கத்தில் உள்ள இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்கலாம்.

பார்த்தேன். சுரங்க முனையில் எதிர்பார்த்த பெரிய எதிரொலி. அதுவரை குழாய் நெடுக ஒன்றுமில்லை. எந்த இணைப்பிலிருந்தும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்கூடத் திரும்பவில்லை. கரிந்த வளைவும் சுத்தம்.

மேற்பார்வையாளரின் முகத்தில் "இதற்குத்தான் கோவையிலிருந்து வந்தீர்களா" என்று எழுதியிருந்தது.

கழற்றிய வாய் வழியே சிறு கேமரா பொருத்திய கம்பியை உள்ளே விட்டேன். ஒரு மீட்டர்தான் போகும். அகலச் சுவரின் நடுவில் பழுப்புப் பட்டைகள், விபூதிக் கீற்று போல ஒன்றன்பின் ஒன்றாக. கம்பியில் உள்ள அளவுக்கோட்டை வைத்து இடைவெளியைப் படித்தோம்: 8.7 செ.மீ., 8.6, 8.7. இந்தக் குழாயில் 2450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17.3 செ.மீ. அதில் பாதி. முட்டத்தில் பார்த்த அதே கதைதான்: எழும்பி விழும் இடங்களில் எண்ணெய்ப் படலம் வெந்து பழுத்திருக்கிறது, அசைவற்ற கோடுகளில் அப்படியே இருக்கிறது. எங்கேயோ ஓரிடத்திலிருந்து அலை திரும்பி வந்திருக்கிறது என்று குழாயே கோடு போட்டு வைத்திருக்கிறது. கருவியோ இல்லை என்கிறது.

இரண்டையும் நம்ப வேண்டுமானால் ஒன்றுதான் வழி: கோளாறு காலை ஏழு மணிக்கு இல்லை.

குழாயைப் பூட்டி இயந்திரத்தை ஓடவிட்டோம். சூடேறச் சில மணி நேரம் ஆகுமென்பதால், நான்கு கிலோமீட்டர்தானே என்று பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். பூட்டு. திங்கள் விடுமுறையாம். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் அரண்மனை அது. விடுமுறை எந்த அரசு விட்டாலும் கதவு ஒரே மாதிரிதான் மூடுகிறது. சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லும் கறுப்புத் தரையைத் தம்பிக்குக் காட்ட ஆசைப்பட்டேன். கரியை நல்ல வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

திரும்பி வந்து ஒரு எளிய ஏற்பாடு செய்தேன். சர்க்குலேட்டர் என்பது ஒருவழிச் சாலை: திரும்பி வரும் ஆற்றலை மேக்னட்ரானுக்குப் போகவிடாமல் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பிவிடும். அந்தத் தண்ணீர் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடுகிறது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வெப்பநிலையைப் பார்த்தால் போதும். 1 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 420 வாட் திரும்பி வருகிறது என்று பொருள். பலகையிலுள்ள எதிரலை மீட்டரை விட இரண்டு தெர்மாமீட்டரை நான் அதிகம் நம்புவேன்.

12 மணிக்கு 0.3 டிகிரி. 2 மணிக்கு 0.5. 2.40-க்கு 1.1. மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது 2 டிகிரி. அனுப்பும் 6 கிலோவாட்டில் 840 வாட், ஏழில் ஒரு பங்கு, திரும்பி வருகிறது. 3.04-க்கு மணி அடித்தது, இயந்திரம் நின்றது.

மூன்றாம் நாள், செவ்வாய்

இன்று பரபரப்பு முழுவதும் பிற்பகலில்தான். காலையில் பிதுக்கு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரோடு கருப்பட்டிக் காப்பி குடித்தேன். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இளையவர் ஒருவரைக்கூட "மக்களே" என்று அழைப்பார்கள். "மக்களே, இந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை" என்றார். தினமும் பிற்பகல் காப்பி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் குழாயில் டிக், டிக் என்று பல்லி சொல்வது போலக் கேட்கிறதாம். எங்கிருந்து? மேக்னட்ரான் அறையிலிருந்து என்றார் சந்தேகமில்லாமல்.

சத்தத்தைப் பற்றி அவர் சொன்னது சரி, குழாய்க்குள் மின்பொறி விழும் சத்தம் அது. இடம்தான் தவறு. ஆனால் அது அவர் காதின் குற்றம் அல்ல. அலுமினியக் கம்பியில் ஒலி நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 4 மீட்டரைக் கடக்க ஒரு மில்லி நொடிகூட ஆகாது. எந்த மனிதக் காதாலும் முனை எது என்று பிரிக்க முடியாது. குழாய் எங்கே திறந்த அறைக்குள் நுழைகிறதோ அங்கேதான் சத்தமாகக் கேட்கும். துகள் முடுக்கிகளில் இதே வேலையைச் செய்ய உலோகச் சுவரில் ஒலி உணரிகளை வரிசையாக ஒட்டி, எது முதலில் கேட்டது என்று ஒப்பிட்டுப் பொறி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே கதிர்வீச்சு இருப்பதால் ஓடும்போது யாரும் பக்கத்தில் போக முடியாது. அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கான டோகமாக் இயந்திரங்களில் நிலைமை இன்னும் மோசம்: வெற்றிடம், காந்தப்புலம், நியூட்ரான். அங்கே ஒளியிழையைக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க வைத்து, பொறியின் வெளிச்சம் தெரிந்த மைக்ரோ நொடிகளில் மின்சாரத்தை வெட்டுவார்கள். நமக்குக் கரியும் சூடும்தான் எதிரி; நாம் கொடுத்து வைத்தவர்கள்.

2.55-க்கு இயந்திரத்தை நானே நிறுத்தச் சொன்னேன். மணி அடிக்கக் காத்திருக்கவில்லை. மின்சாரத்தை வெட்டி, பூட்டுப் போட்டு, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். தம்பி நான்கு நிமிடத்தில் எட்டு போல்ட்டைக் கழற்றி அனலைசரைப் பொருத்தினான். காலையிலிருந்து இதை மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தோம்.

2.9 மீட்டரில் ஒரு முட்டு.

நேற்று அந்த இடத்தில் சமதரையாக இருந்த கோட்டில் இன்று சின்னக் குன்று. நூற்றில் மூன்று பங்கு ஆற்றல் அங்கிருந்து திரும்புகிறது. ஓடும்போது அதில் பொறியும் சேர்ந்துகொள்வதால்தான் ஏழில் ஒன்றாகிறது. யாரும் பேசவில்லை. எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடத்தில் குன்று கொஞ்சம் தணிந்தது. பத்து நிமிடத்தில் பாதியானது. குழாய் ஆற ஆற அது உட்கார்ந்துகொண்டே வந்து, இருபத்திரண்டாவது நிமிடத்தில் இரைச்சலோடு இரைச்சலாக மறைந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கோளாறுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஒன்று என் கண்முன்னே இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு போனதைப் பார்த்ததில்லை.

2.9 மீட்டரில் இருப்பது மூன்றாவது ஃபிளாஞ்ச் இணைப்பு (இரண்டு குழாய்களின் விளிம்புத் தகடுகளை போல்ட்டால் சேர்க்கும் இடம்), சரியாக வெப்பக்காற்றுச் சுரங்கத்தின் நடு உச்சியில்.

அப்படியானால் முதல் வளைவு ஏன் கரிந்தது என்று மேற்பார்வையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. குழாய்க்குள் விழும் பொறி பிறந்த இடத்திலேயே இருக்காது. ஆற்றல் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து முகத்தில்தான் அதற்கு இரை கிடைக்கிறது. அங்கே உள்ள காற்று அயனியாகிப் புதிய பொறியாகிறது, பின்பக்கம் பட்டினியில் அணைகிறது. இப்படியே அது ஊற்றை, அதாவது மேக்னட்ரானை, நோக்கி ஊர்ந்து போகும். போய் ஒரு வளைவில் தட்டுப்பட்டு நின்று அங்கே நிதானமாக எரியும். கரி காட்டுவது திருடன் பிடிபட்ட இடத்தை. உள்ளே நுழைந்த இடத்தை அல்ல. இரண்டு மேக்னட்ரானுக்கும் கொடுத்த காசு பிடிபட்ட இடத்துக்குக் கொடுத்த காசு.

நான்காம் நாள், புதன்

மூன்றாவது ஃபிளாஞ்சைப் பிரித்தோம். முகத்தில், அகலச் சுவரின் நடுவில், மூன்று செ.மீ. நீளத்துக்குத் தலைமயிர் அளவுக் கறுப்புக் கோடு. மேல் விளிம்பில் மட்டும். கீழே பளபளவென்று இருந்தது. குழாயின் நீளவாக்கில் ஓடும் மின்னோட்டம் அந்த நடுப்பகுதியில்தான் உச்சம். இடைவெளி விழுந்தால் அங்கேதான் தாண்டிக் குதிக்கும். ஊற்றுப் பக்கக் குழாயில் பழுப்புப் பட்டைகள் கடைசிவரை வந்திருந்தன. மறுபக்கக் குழாயில் ஒன்றுகூட இல்லை.

ஏன் திறந்தது? கூரையில் குழாயைத் தொங்கவிட்ட பிடிகளைப் பார்த்ததும் புரிந்தது. இரண்டு முனையிலும் இறுக்கி முடுக்கியிருக்கிறார்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். 4 மீட்டர், 50 டிகிரி: நாலரை மி.மீ.க்கு மேல். நீள இடம் இல்லாத குழாய் வில்லாக வளைகிறது, வளைவின் வெளிப்புறத்தில் ஃபிளாஞ்ச் வாய் திறக்கிறது. செவ்வாய் பிற்பகலில் சூடாக இருந்தபோதே மேல்பக்கம் இடுக்கை அளக்கும் 0.15 மி.மீ. தகடு (ஃபீலர் கேஜ்) உள்ளே போனது. இன்று காலை 0.05-ஐக்கூட விடவில்லை. அந்த இடுக்கு வழியே எண்ணெய்ப் புகையும் கரியும் நுழைய, மீதியை 6 கிலோவாட் பார்த்துக்கொண்டது. பொருத்தியவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அசையாமல் இருப்பதுதான் நல்ல வேலை என்று நம்புகிறவர்கள் நம்மில் அதிகம்.

தடித்த கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாளை ஒட்டி, ஃபிளாஞ்ச் முகத்தை எட்டுப் போடுவது போலத் தேய்த்துச் சமப்படுத்தினோம். உட்சுவரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்க ஒரு கட்டுத் துணி ஆனது. தக்கலையில் ஒரு லேத் பட்டறையில் ஒரு முனைப் பிடியின் ஓட்டையை நீளவாக்கில் ராவிக் கொடுத்தார்கள். கூலி இருநூறு ரூபாய். கடைசியாக, கம்ப்ரசரிலிருந்து ஈரம் நீக்கிய காற்றை மெலிதாகக் குழாய்க்குள் விட ஒரு முனை வைத்தேன். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் புகை உள்ளே வரத் தயங்கும்.

மாலை வெளிச்சம் மிச்சமிருந்ததால் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது, 1966-இலிருந்து. நடைபாதையில் ஒவ்வொரு கண்ணுக்கும் இடையில் விட்டிருந்த இடைவெளியைத் தம்பி காலால் தொட்டுக் காட்டினான். இதைப் பார்த்துத்தான் எனக்குப் பொறி தட்டியது என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும். உண்மையில் காலையிலேயே பிடியை ராவக் கொடுத்துவிட்டேன். பாலத்தின் மேல் எனக்கு வந்தது எரிச்சல்தான். இரவு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் அதைத் தணித்தன.

ஐந்தாம் நாள், வியாழன்

காலை எட்டு முதல் ஓட்டம். 3 மணிக்குத் தண்ணீர் வித்தியாசம் 0.3 டிகிரி. 4.30-க்கும் அதேதான். கசிவு மீட்டரை எல்லா இணைப்பிலும் காட்டினேன், முள் அசையவில்லை. ராவிய பிடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். குழாய் அந்தக் கோட்டைத் தாண்டி நாலு மி.மீ. நகர்ந்திருந்தது.

பெரியவர் காப்பிக் குவளையோடு வந்து நின்று கேட்டார். சத்தம் இல்லை. "ஆனால் வாசனை இருக்கிறது, மக்களே" என்றார். இருந்தது. மோந்துகொண்டே போய்ப் பார்த்தால் புகைபோக்கி விசிறியின் பெல்ட் தொய்ந்து வழுக்கிக் கருகிக்கொண்டிருந்தது. என் வேலை இல்லை, ஆனால் அறிக்கையில் எழுதிவிட்டேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டோரில் கழித்துப் போட்ட இரண்டு மேக்னட்ரானையும் கொண்டுவரச் சொன்னேன். ஒன்றின் பீங்கான் முனை விரிசல்விட்டிருந்தது. பொறி அங்கேயும் ஊர்ந்து போயிருக்கிறது. இன்னொன்றைப் பொருத்தி ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை.

ஸ்டோர்காரர் அதைத் துணியால் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்தார். "பழுது" என்று ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். பசை நல்ல பசை. "ழுது" மட்டும் வரவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தனுப்பினார்கள். இதை எழுதி முடிப்பதற்குள் வள்ளியூர் தாண்டி அதில் பாதி தீர்ந்துவிட்டது.